மனவலியை விரட்டாமல் பார்ப்பது: கேள்வி பதில்

கேள்வி: பிரிந்து ஏழு மாதம் ஆகிறது. "ஏற்றுக்கொள்" என்கிறார்கள். அவர் செய்தது சரி என்று நான் ஒத்துக்கொள்ள வேண்டுமா?

வேண்டவே வேண்டாம். அநியாயம் அநியாயம்தான். இப்போது நெஞ்சில் ஒரு கனம் இருக்கிறதே, அது இருக்கிறது என்பதை மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள், போதும். மன்னிப்பது, திரும்பிப் பேசுவது எல்லாம் தனி முடிவுகள், அவற்றை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: பகலெல்லாம் நினைக்காமல் தள்ளிவிடுகிறேன், ராத்திரி படுத்ததும் மொத்தமும் வந்துவிடுகிறது. ஏன்?

தள்ளுவதால்தான். 1987-ல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் ஒரு சோதனை செய்தார்கள்: ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள், நினைப்பு வந்தால் மணியை அடியுங்கள் என்றார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அப்புறம் இனி நினைக்கலாம் என்று விட்டபோது, முதலிலிருந்தே நினைக்கச் சொல்லப்பட்டவர்களைவிட இவர்களுக்குத்தான் கரடி அதிகம் வந்தது. கரடிக்கே இப்படி என்றால், நீங்கள் நேசித்த ஒருவரின் முகத்தை எப்படி அடக்குவீர்கள்?

கேள்வி: சரி, விரட்டாமல் வலியோடு உட்கார்ந்து என்னதான் செய்வது?

முதலில் வலி உடம்பில் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். தொண்டை அடைக்கிறதா, வயிறு இறுகுகிறதா, தாடையைக் கடித்துக்கொண்டிருக்கிறீர்களா. கதைக்குள் போகாதீர்கள், "அன்றைக்கு அவள் அப்படிச் சொன்னாளே" என்று மனம் கிளம்பும், கிளம்பியது தெரிந்ததும் திட்டாமல் மறுபடி தொண்டைக்கே வாருங்கள், பத்து தடவை கிளம்பினால் பத்து தடவையும் வாருங்கள், பயிற்சியே அந்தத் திரும்பி வருவதுதான். அப்புறம் அதற்கு ஒரு பெயர் வையுங்கள்: ஏக்கம், அவமானம், பயம். கோபம் என்று நினைத்தது பல நேரம் அவமானமாக இருக்கும், சரியான பெயர் கிடைத்ததும் உடம்பு கொஞ்சம் தளரும். முகபாவப் படங்களில் தெரியும் உணர்ச்சிக்குப் பெயர் சொல்லும்போது மூளையில் பயம் போன்ற உணர்ச்சிகளோடு தொடர்புடைய அமிக்டாலா என்ற பகுதியின் பரபரப்பு குறைவதை மேத்யூ லீபர்மன் என்ற ஆய்வாளரின் குழு 2007-ல் ஸ்கேனில் காட்டியது. மூன்று நிமிடம் போதும். முதல் நாளே அரை மணி நேரம் உட்காராதீர்கள்.

கேள்வி: இரண்டு வாரம் செய்தேன், வலி குறையவே இல்லை.

குறைகிறதா குறைகிறதா என்று பார்த்துக்கொண்டேதானே உட்கார்ந்தீர்கள்? அதுவும் ஒருவகை விரட்டல்தான். புத்தர் இரண்டு அம்புகளைப் பற்றிச் சொல்வார். முதல் அம்பு பட்ட வலி. "எனக்கு ஏன் இன்னும் வலிக்கிறது, நான் பலவீனமானவன்" என்பது இரண்டாவது. பயிற்சியில் முதலில் ஓய்வது அந்த இரண்டாவது அம்புதான். இழப்பின் வலி சில மாதங்களுக்கு இருந்தே தீரும், அதை இல்லை என்று நான் உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

கேள்வி: கண்ணை மூடினாலே பழைய சம்பவம் அப்படியே ஓடுகிறது, கை நடுங்குகிறது.

உடனே நிறுத்துங்கள். தைரியம் என்று நினைத்துத் தொடர வேண்டாம். கண்ணைத் திறந்து, பாதம் தரையில் அழுந்துவதைக் கவனியுங்கள், அறையில் கண்ணில் படும் ஐந்து பொருட்களை வாய்விட்டுச் சொல்லுங்கள். இந்த வேலையை பழைய சம்பவங்களால் வந்த மன அதிர்ச்சிக்குச் சிகிச்சை தரத் தெரிந்த ஒரு உளவியல் நிபுணரோடு சேர்ந்துதான் செய்ய வேண்டும். சாகலாம் என்ற எண்ணம் வந்தால் பயிற்சியே வேண்டாம், அந்த நிமிடமே யாரையாவது கூப்பிடுங்கள்.

கேள்வி: நடுவில் அழுகை வந்தால்?

அழுங்கள். துடைத்துக்கொண்டு எழ அவசரப்படாதீர்கள்.