ஆராய்ச்சிப் பணம் எந்தப் பயிருக்குப் போவுது? கேளுங்க, சொல்றேன்

மன்னார்குடி தம்பி: சார், எல்லா ஆராய்ச்சியும் நெல்லுக்கேதானா?

பதில்: பயிரோ பாலோ, அதோட மொத்த மதிப்பு எவ்வளவோ அந்த விகிதத்துல பணம்னு ஒரு கணக்கு சொல்வாங்க தம்பி. அத மட்டும் பாத்தா பாலுக்குத்தான் மொதல்ல போவணும், ஏன்னா நாட்டுல நெல்லு கோதுமை ரெண்டையும் சேத்தாலும் பாலோட மதிப்பு ஜாஸ்தி. நெஜத்துல பழைய ஆராய்ச்சி ஸ்டேஷன் எங்க இருக்கோ அங்கதான் பணமும் நிக்குது. ஆடுதுறை நெல்லு ஆராய்ச்சி ஸ்டேஷன் 1922லேர்ந்து இருக்கு, ஆளு இருக்கு, சம்பளம் குடுக்கணும், பட்ஜெட்ல பெரிய பங்கு அதுலயே போயிடும்.

திருத்துறைப்பூண்டி அண்ணன்: நெல்லு வெதைய கம்பெனிக்காரன் பாத்துக்க மாட்டானா?

பதில்: மாட்டான்ணே. மக்காச்சோளம் ஹைபிரிட், அதாவது வீரிய ஒட்டு ரகம், வருஷா வருஷம் வெதை பாக்கெட் வாங்கியாவணும், அதனால அங்க கம்பெனி கூட்டமா நிக்குது. சாதா நெல்லு ரகம் அப்புடியா? நாம களத்துலயே வெதை நெல்லு எடுத்து பத்தாயத்துல போட்டுடுவோம், அவனுக்கு என்ன லாபம்? சி.ஆர். 1009 சப்-1னு ஒரு நெல்லு ரகத்த எடுத்துக்குங்க, சம்பாவுல நட்ட பயிரு தண்ணில முழுசா முழுவி ரெண்டு வாரம் கெடந்தாலும், வடிஞ்சப்புறம் திரும்பத் துளுக்கும். அந்த வெள்ளத்த தாங்குற ஜீன் ஒடிசாவோட பழைய நெல்லு ஒண்ணுலேர்ந்து வந்தது, அத நம்ம ரகத்துல ஏத்துறதுக்கு வருஷக்கணக்குல திரும்பத் திரும்ப கலப்பு செய்யணும், இதெல்லாம் அரசாங்கப் பணம் இல்லாம நடக்காது. அதனால நெல்லுக்கு எவ்வளவுன்னு மட்டும் கேக்காதீங்க, வேற யாரும் செய்ய மாட்டாங்களான்னும் கேளுங்க.

திருவையாறு அக்கா: வாழைக்கு?

பதில்: திருச்சில தேசிய வாழை ஆராய்ச்சி மையம் 1993லேர்ந்து இருக்குக்கா. உங்களுக்குக் கொறையில்ல.

கும்பகோணம் பெரியவர்: கொடிக்கால் வெத்தலைய ஏன் கண்டுக்கிறதில்ல?

பதில்: நியாயமான கேள்விங்கய்யா. சிறுகமணி ஸ்டேஷன்லேர்ந்து ரகம் வந்துச்சு, அகில இந்திய ஆராய்ச்சித் திட்டத்துல வெத்தலைய மூலிகைப் பயிரோட சேத்து ஒட்ட வச்சிருக்காங்க. இந்தத் திட்டங்கள்ல பல்கலைக்கழக மையத்துக்கு மத்திய அரசு 75, மாநிலம் 25 பங்கு. பழைய கொடிய வெட்டி நட்டா புதுக் கொடி, இதுலயும் கம்பெனிக்கு வேலையில்ல, ஆக வேற யாரும் செய்ய மாட்டாங்கன்னு நெல்லுக்கு நான் சொன்ன நியாயப்படி பாத்தா வெத்தலைக்குத்தான் தனியா பணம் வரணும். வாடல் நோய் வந்தா கொடிக்காலே காலி, அதுக்கு யாரு பாக்குறா?

மன்னார்குடி தம்பி: இத யாருகிட்ட சொல்றது?

பதில்: நீடாமங்கலம், சிக்கல் வேளாண் அறிவியல் நிலையத்துல ஆலோசனைக் குழுக் கூட்டம் போடுவாங்க, விவசாயி மெம்பரும் அதுல உண்டு. அவர புடிச்சு எழுத்துல குடுங்க, வாயால சொன்னா கூட்டத்தோட மினிட்ஸ் குறிப்புல ஏறாது.