இளஞ்சிவப்பு மணல்: கடிதமும் பதிலும்

வணக்கம் அக்கா,

செப்டம்பரில் குடும்பமாக இத்தாலியின் சார்டினியா தீவுக்குப் போகிறோம், கையில் ஐந்து நாள். அதன் பக்கத்திலுள்ள புதெல்லித் தீவின் இளஞ்சிவப்புக் கடற்கரைப் படத்தைப் பார்த்ததிலிருந்து மகளுக்கு அதே பேச்சுதான். அங்கே இறங்கவே விடமாட்டார்களாமே? சார்டினியாவை முழுக்கச் சுற்ற ஐந்து நாள் போதுமா?

ர.

அன்புள்ள ர.,

ஆமாம், 1994 முதல் அந்த மணலில் கால்வைக்கத் தடை. பொசிடோனியா என்ற கடற்புல்லில் ஒட்டி வாழும் ஒரு சிற்றுயிரின் சிவப்பு ஓடு நொறுங்கிக் கரையில் ஒதுங்குவதால் வந்த நிறம் அது. வந்தவர்கள் ஆளுக்கொரு பிடி அள்ளிப்போனார்கள், நங்கூரங்கள் புல்லைப் பிய்த்தன, மணல் வெளிறிப்போனது. படகில் தள்ளி நின்று பார்க்கலாம். மகளுக்கு மவ்ரோ மொராண்டியின் கதையைச் சொல்லுங்கள்: 1989-ல் படகு பழுதாகி அங்கே ஒதுங்கியவர், 2021 வரை தனியாக அந்தத் தீவிலேயே தங்கி, மணலைக் காவல் காத்தார்.

முழுக்கச் சுற்றும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். கரையின் நீளமே 1,800 கிலோமீட்டருக்கு மேல், ஐந்து நாளும் காரிலேயே போய்விடும். கிழக்கே ஒரோசேய் வளைகுடாவில் தங்குங்கள். சுண்ணாம்புப் பாறைகள் செங்குத்தாகக் கடலில் இறங்கும் இடம், பெரும்பாலான கடற்கரைகளுக்குச் சாலையே கிடையாது, நடக்க வேண்டும் அல்லது படகு. நான் சொல்வது நடை. பவுனெய் ஊருக்கு மேலே கோல்கோ சமவெளியிலிருந்து காலா கோலோரிட்சே கடற்கரைக்கு ஒன்றேகால் மணி நேர இறக்கம், பாதி வழியிலேயே மரங்களுக்கு நடுவே 143 மீட்டர் உயர ஊசிப்பாறை தெரியும், அப்புறம் அந்தத் தண்ணீரின் நிறம். 1962-ல் ஒரு நிலச்சரிவில் உருவான கடற்கரை என்று அங்கே நின்றால் நம்பவே முடியாது. சீசனில் ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு உண்டு, முன்பதிவு செய்துவிடுங்கள். திரும்பும் ஏற்றம் கடினம், தண்ணீர் நிறைய எடுத்துப்போங்கள்.

பக்கத்தில் காலா மரியோலு என்ற இன்னொரு கடற்கரை. மரியோலு என்றால் திருடன். வலையிலிருந்து மீனைத் திருடிய கடல்நாய்க்கு போன்ஸா தீவு மீனவர்கள் வைத்த பெயராம். பெயர் இருக்கிறது, கடல்நாய்கள் அங்கே இப்போது வாழ்வதில்லை. எனக்கு அது இன்னும் வலிக்கிறது.

கரையில் பழுப்பு நிறத்தில் காய்ந்த இலைக் குவியலைப் பார்த்தால் குப்பை என்று முகம் சுளிக்காதீர்கள். அதே பொசிடோனியாதான், குளிர்கால அலை மணலை அரித்துப்போகாமல் காப்பது அதுதான். மணலோ கூழாங்கல்லோ ஒன்றைக்கூட எடுக்காதீர்கள், 500 முதல் 3,000 யூரோ வரை அபராதம். கிளம்பும் முன் மகளின் பையை ஒருமுறை உதறிப் பார்த்துவிடுங்கள்.