இணையச் சமூக ஆய்வுநூல்கள்: வாங்குவோர் கேள்வி-பதில்

கே: தென்னிந்தியாவில் சமூக ஊடகம் பற்றி ஸ்ரீராம் வெங்கட்ராமன் எழுதிய நூலைப் படிக்கச் சொன்னார் என் வழிகாட்டி. அச்சுப் பிரதி மூவாயிரம் ரூபாய் சொல்கிறார்கள். வாங்கலாமா? (ஆய்வு மாணவி, திருச்சி)

ப: வேண்டாம். 2017-இல் யூசிஎல் பிரஸ் வெளியிட்ட நூல் அது. பிடிஎஃப் அவர்கள் தளத்திலேயே இலவசமாக, முறைப்படியே கிடைக்கிறது. தாளில்தான் படிப்பு ஓடும் என்றால், வேண்டிய அத்தியாயங்களை மட்டும் பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் போட்டுக்கொள்ளுங்கள்.

கே: மானுவல் காஸ்டெல்ஸின் வலைப்பின்னல் சமூகம் பற்றிய நூல், 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு பழைய புத்தகக் கடையில் மலிவாக இருக்கிறது. 2010 பதிப்பு நாலு மடங்கு விலை. எது?

ப: பழையது. 2010-இல் வந்தது, புது முன்னுரை சேர்த்த அதே இரண்டாம் பதிப்பு.

கே: இணைய அடையாளம் பற்றிய ஆய்வுநூல் என்று ஆன்லைனில் 3,200 ரூபாய்க்கு வாங்கினேன். உள்ளே முழுக்க விக்கிப்பீடியா கட்டுரைகள். விற்றவர் திருப்பி எடுக்க மறுக்கிறார். (கல்லூரி ஆசிரியர், மதுரை)

ப: உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. என் பணமும் இப்படிப் போயிருக்கிறது. இணைய வதந்திகள் பற்றியது என்று நான் வாங்கிய கெட்டி அட்டைப் புத்தகத்தில், விக்கிப்பீடியா பக்கத்தைத் திருத்த அழுத்தும் 'தொகு' என்ற சொல்லைக்கூட நீக்காமல் அச்சடித்திருந்தார்கள். மூலத்தைச் சொல்லிவிட்டு அந்தக் கட்டுரைகளை விற்க விக்கிப்பீடியாவின் உரிமம் இடம் தருகிறது. ஆனால் விற்பனைப் பக்கத்தில் அதை மறைத்து, பேராசிரியர்கள் எழுதியதுபோல் அட்டை போட்டு, ஆய்வுநூல் விலை வாங்குவது அயோக்கியத்தனம். உதவித்தொகையை மிச்சம் பிடித்துப் புத்தகம் வாங்கும் பிள்ளைகளும் இதில் மாட்டுகிறார்கள். எனக்கு ஆறாத கோபம் அதில்தான்.

விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திருப்பி எடுக்க மறுக்கக் கூடாது என்கின்றன 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள். விற்பனைப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், உள்பக்கங்களைப் படம் பிடியுங்கள். தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் ஒப்புகையும் ஒரு மாதத்துக்குள் தீர்வும் தர வேண்டும். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழையுங்கள். அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விற்றவர் எந்த ஊராக இருந்தாலும் உங்கள் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமும் இல்லை.

கே: டெலிகிராமில் 300 ரூபாய்க்கு 40 டிஜிட்டல் சமூக நூல்கள் வாங்கினேன். பாதி திறக்கவில்லை. புகார் கொடுக்கலாமா?

ப: திருட்டுப் பிரதியை, பில் இல்லாமல், முகம் தெரியாதவரிடம் வாங்கிவிட்டு யார்மேல் புகார்? நீங்கள் அனுப்பிய பட்டியலில் உள்ள செய்னெப் துஃபெக்சி (2017), டானா பாய்ட் (2014) நூல்களின் பிடிஎஃப்பை அவர்களே இலவசமாகத் தருகிறார்கள். ஒரு நிமிடம் தேடியிருக்கலாமே.

கே: காசு கொடுத்து வாங்கிய மின்நூலைக் கடை பறித்துக்கொள்ள முடியுமா?

ப: முடியும். 2009-இல் அமேசான், விற்ற ஜார்ஜ் ஆர்வெல் நூல்களை வாசகர்களின் கிண்டில் கருவியிலிருந்தே நீக்கியது. 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்நூல் கடையை மூடியபோது வாங்கிய நூல்களும் போயின. பணம் திரும்பி வந்தது. கடைகள் பெரும்பாலும் விற்பது வாசிக்கும் உரிமத்தைத்தான். அடிக்கடி மேற்கோள் காட்டப்போகும் நூல் என்றால் அச்சுப் பிரதியோ, பூட்டில்லாத பிடிஎஃப்போ வாங்குங்கள்.