மறதிநோய் வந்த கணவரின் கோபத்துக்கு மாத்திரை கொடுக்கலாமா?

மறதிநோய் உள்ள கணவர் மாலையானால் கத்துகிறார், கை ஓங்குகிறார், மாத்திரை கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கொடுக்கலாம், ஆனால் அது முதல் படி அல்ல. கோபம் திடீரென்று கூடியிருந்தால் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், பல்வலி, மூட்டுவலி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாதவர் கையைத்தான் ஓங்குவார், அம்மா. வலிக்கு மருந்து கொடுத்ததுமே தணிந்துவிடும் கோபங்கள் உண்டு.

அப்படி எதுவும் இல்லை, யாருக்காவது அடிபடும் நிலை என்றால், மருத்துவர் ரிஸ்பெரிடோன் போன்ற மனநோய் மருந்தை மிகக் குறைந்த அளவில் தொடங்கக்கூடும். இவ்வகை மருந்துகள் மறதிநோய் உள்ள முதியோரின் இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-இல் எச்சரித்தது. பக்கவாத அபாயமும் கூடுகிறது. ஆகவே சில வாரங்களுக்கு ஒருமுறை, "குறைக்கலாமா, நிறுத்தலாமா?" என்று நீங்களே கேளுங்கள். நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம்.

இல்லாத ஆட்கள் தெரிவதாகச் சொல்கிறாரா? நடை விறைத்திருக்கிறதா? மூளைச் செல்களில் ஒருவகைப் புரதம் படிவதால் வரும் லூயி பாடி வகை மறதிநோயாக இருக்கலாம். அதில் ஹாலோபெரிடால் என்ற இன்னொரு மனநோய் மருந்து உயிருக்கே ஆபத்தாக முடியலாம். முதல் சந்திப்பிலேயே மருத்துவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரை மட்டும் வேண்டவே வேண்டாம். குழப்பம் கூடும்; இரவில் எழுந்து விழுந்தால் இடுப்பெலும்பு முறியலாம்.