"சாரா, வயது 28"ஐ இனி அனுப்பாதீர்கள்: யூஎக்ஸ் இன்டர்ன்ஷிப் கேள்வி-பதில்

யூஎக்ஸ் என்றால் ஆப், இணையதளம் போன்றவற்றைப் பயன்படுத்துகிறவருக்குச் சுலபமாக இருக்கும்படி வடிவமைக்கும் வேலை. இங்கே தென்னாப்பிரிக்காவில் அதற்கு இன்டர்ன்ஷிப் தேடுகிறவர்களின் கடிதங்கள் சேர்ந்துவிட்டன. ஒரே கேள்வியை நாலைந்து பேர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். வயர்ஃப்ரேம், ப்ரோட்டோடைப் போன்றவை தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன், தெரியாதவர்கள் முதலில் அதைப் படித்துவிட்டு வாருங்கள்.

சார், யூஎக்ஸ் இன்டர்ன்ஷிப் வேண்டும். உடனே பதில் போடவும். (ஃபீனிக்ஸ்)

நான் சார் இல்லை, அது போகட்டும். என்ன படித்தீர்கள், என்ன செய்து பார்த்தீர்கள், டர்பனிலேயே வேண்டுமா ஜோஹன்னஸ்பர்க் போவீர்களா, ஒன்றுமே எழுதவில்லையே. கம்பெனிகளுக்கும் இதே மாதிரிதான் மெயில் போடுகிறீர்கள் என்றால் ஏன் பதில் வரவில்லை என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. நாலு வரி எழுதி மறுபடி அனுப்புங்கள்.

அக்கா, ஃபிக்மா நன்றாகத் தெரியும். அது போதுமா? (டோங்காட்)

போதாது. ஸ்கிரீன் வரையும் மென்பொருளான ஃபிக்மா பொதுவெளிக்கு வந்ததே 2016-ல்தான். அதற்கு முன் ஸ்கெட்ச், அதற்கும் முன் ஃபோட்டோஷாப்பில் படம் போட்டுக்கொண்டிருந்தோம், நாளைக்கு வேறொன்று வரும். அதற்காக ஆட்டோ லேஅவுட் (பெட்டிகளைத் தானாக அடுக்கும் ஃபிக்மா வசதி) கூடத் தெரியாமல் முதல் நாள் போய் உட்காராதீர்கள்.

ஐந்து கேஸ் ஸ்டடி (செய்த டிசைன் வேலையின் விளக்கம்) வைத்திருக்கிறேன். எல்லாவற்றிலும் பெர்சோனா (மாதிரிப் பயனரின் சித்திரம்), எம்பதி மேப், ஜர்னி மேப் (அவர் என்ன நினைக்கிறார், படிப்படியாக என்ன செய்கிறார் என்ற படங்கள்) உண்டு. ஒரு இன்டர்வியூ கூட வரவில்லை. லிங்க் இணைத்துள்ளேன். (மியர்பேங்க்)

லிங்க்கைத் திறந்து பார்த்தேன் தம்பி. முதல் பக்கத்திலேயே "சாரா, வயது 28, மார்க்கெட்டிங் மேனேஜர், காபி பிரியை, எப்போதும் நேரம் இல்லாதவர்". இந்தச் சாராவை எனக்கு நன்றாகத் தெரியும். எனக்கு வரும் போர்ட்ஃபோலியோக்களில் பாதியில் இவள்தான் இருக்கிறாள், அதே சிரிப்பு, அதே இலவச ஃபோட்டோ. மியர்பேங்கில் உட்கார்ந்துகொண்டு, பக்கத்து வீட்டில் ஒருத்தரிடம் கூடப் பேசாமல், எங்கேயோ இருக்கும் ஒரு சாராவுக்கு ஏன் சாப்பாட்டு டெலிவரி ஆப் வரைகிறீர்கள்? பெர்சோனாவை 90-களில் பிரபலப்படுத்திய மென்பொருள் வடிவமைப்பாளர் ஆலன் கூப்பர், தான் நேரில் பேசிப் பார்த்த ஆட்களிடமிருந்துதான் அதை உருவாக்கினார். ஆட்களைப் பார்த்த பிறகு எழுதுவதற்குப் பெயர்தான் பெர்சோனா, பார்க்காமல் எழுதினால் அது வெறும் கதை.

உங்கள் மூன்றாவது கேஸ் ஸ்டடியில் "80% பயனர்கள் புதிய டிசைனை விரும்பினார்கள்" என்று போட்டிருக்கிறீர்கள். எத்தனை பேரிடம் கேட்டீர்கள் என்று கீழே தேடினால் ஐந்து பேர், அதில் மூன்று பேர் உங்கள் வகுப்பு நண்பர்கள். ஐந்து பேர் போதும் என்று யூஎக்ஸ் ஆய்வாளர் யாக்கோப் நீல்சன் 2000-ல் எழுதியது, எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று கண்டுபிடிப்பதற்கு. சதவீதம் போடுவதற்கு இல்லை. போன தடவையும் சொன்னேன், அதற்கு முந்தின தடவையும் சொன்னேன்.

என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு பெண் கொண்டுவந்தது ஒரே ஒரு கேஸ் ஸ்டடி. வீட்டுச் சுவரில் இருக்கும் ப்ரீபெய்ட் மின்சார மீட்டர். 2024 நவம்பர் 24-க்குள் நாடு முழுக்க அந்த மீட்டர்களையெல்லாம் மாற்றியமைக்க வேண்டியிருந்தது ஞாபகம் இருக்கிறதா? மீட்டர் பழைய டோக்கனையும் (மின்சாரத்துக்குக் காசு கட்டி வாங்கித் தட்டும் எண்) புதியதையும் பிரித்துப் பார்க்க 1993 தொடக்கத்திலிருந்து நிமிடங்களை எண்ணிக்கொண்டே வந்தது, அந்த எண்ணுக்கு ஒதுக்கிய இடம் அன்றோடு தீர்ந்துபோனது. அதனால் இருபது இலக்கத்தில் இரண்டு எண்கள், அதற்குப் பின் வாங்கின டோக்கன் இன்னொரு இருபது, எல்லாவற்றையும் சின்னக் கீபேடில் தட்ட வேண்டும். இந்தப் பெண் தன் ஆயா பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். ஆயா கடைச் சீட்டைச் சுவரோடு வைத்து, தட்டி முடித்த எண்களைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டே போனார், ஒரு தப்பும் வரவில்லை. அதே எண் போனில் எஸ்எம்எஸ்ஸாக வந்தபோது இருபது இலக்கமும் இடைவெளி இல்லாமல் ஒரே கோடாக இருந்தது, பாதியில் திரை அணைந்துவிட்டது, போனைத் திறந்து பார்ப்பதற்குள் எதுவரை தட்டினோம் என்று மறந்துபோய் முதலிலிருந்து ஆரம்பித்தார். இப்படி ஏழெட்டு வீடு. அவள் வரைந்தது ஒரே ஒரு ஸ்கிரீன்: நாலு நாலாகப் பிரித்த பெரிய எண்கள், தட்டி முடித்ததைத் தொட்டால் மங்கும், முடிகிற வரை திரை அணையாது. அழகில் சுமார்தான், நிறம் கூடச் சரியில்லை. ஆனால் அவளிடம் கேட்க எனக்கு ஒரு மணி நேரத்துக்குக் கேள்வி இருந்தது. உங்கள் ஐந்திலும் சேர்த்து எனக்குக் கேட்க ஒன்றும் இல்லை.

நாலைத் தூக்கிவிடுங்கள். ஒன்றை வைத்துக்கொண்டு, அது யாருக்காக வரைந்ததோ அவர் பயன்படுத்துவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். வாயை மூடிக்கொண்டு பாருங்கள், உதவி செய்யக் கை நீளும், நீட்டாதீர்கள். பார்த்ததைத் தேதி போட்டு எழுதி வையுங்கள்.

ஆறு மாதம் சம்பளம் கிடையாது, அனுபவம்தான் சம்பளம் என்கிறார்கள். ஆபீஸ் உம்லாங்காவில். போகலாமா? (சாட்ஸ்வொர்த்)

அனுபவத்தைக் காட்டினால் மினிபஸ் டாக்ஸிக்காரர் ஏற்றிக்கொள்ள மாட்டார். சாட்ஸ்வொர்த்திலிருந்து டவுன், டவுனிலிருந்து உம்லாங்கா, தினமும் போக வர இரண்டு இரண்டு டாக்ஸி, யார் கொடுப்பது? 2019 ஜனவரியிலிருந்து குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இருக்கிறது, இப்போது மணிக்கு 30 ராண்டை ஒட்டி வரும். தன்னார்வலர்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்ற ஓட்டையில்தான் சிலர் புகுந்துகொள்கிறார்கள். கிளையன்ட்டுக்குப் பில் போட்டுக் காசு வாங்குகிற டிசைன் வேலையை உங்களிடம் வாங்கிவிட்டு உங்களைத் தன்னார்வலர் என்றால், அங்கே கற்றுக்கொள்ள வேறென்ன இருக்கப்போகிறது?

யெஸ் திட்டத்தைக் கேட்டுப் பாருங்கள். யூத் எம்ப்ளாய்மென்ட் சர்வீஸ், 2018-ல் தொடங்கியது, பன்னிரண்டு மாத வேலை, மாதாமாதம் பணம் உண்டு. திட்டம் கறுப்பின இளைஞர்களுக்கானது, ஆனால் கறுப்பினப் பொருளாதார மேம்பாட்டுச் சட்டத்தின் கணக்கில் இந்திய வம்சாவளிக் குடிமக்களும் அதில் அடக்கம் என்பது நம்மில் பலருக்குத் தெரிவதே இல்லை. வேலைப் பர்மிட்டில் இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்கு இது கிடையாது, அவர்கள் எனக்கு மெயில் போட வேண்டாம். எங்கே சேர்ந்தாலும் எத்தனை மாதம், எவ்வளவு பணம், யார் மென்டர் (வழிகாட்டி), லேப்டாப் யாருடையது, எல்லாம் எழுத்தில், தேதியோடு.

எனக்கு வயது 34, பத்து வருடம் ஆசிரியை. இனிமேல் யூஎக்ஸ் பக்கம் வரலாமா? (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

தாராளமாக. முப்பது பிள்ளைகளில் யாருக்குப் புரியவில்லை என்று முகத்தைப் பார்த்தே சொல்கிறவர்களுக்கு ஆராய்ச்சிப் பகுதி சுலபமாக வரும். மேலே சொன்ன திட்டத்துக்கு வயது வரம்பு 35, வேலையில்லாதவர்களுக்குத்தான் அது, அதனால் இருக்கிற வேலையை அவசரப்பட்டு விட்டுவிடாதீர்கள்.

மென்டர் என் டிசைனை எல்லோர் முன்னாலும் கிழிகிழி என்று கிழிக்கிறார். விட்டுவிட்டு வந்துவிடலாமா? (லெனேசியா)

என்ன சொல்லிக் கிழித்தார் என்பதை நீங்கள் எழுதவே இல்லை, அதுதானே முக்கியம்? வெள்ளையில் வெளிர் சாம்பல் எழுத்து போட்டு அவர் திட்டியிருந்தால், அவர் பக்கம்தான் நான். சாதாரண அளவு எழுத்துக்கு 4.5-க்கு 1 கான்ட்ராஸ்ட் (எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாடு) வேண்டும் என்பது ஊரறிந்த விதி. வெறுமனே "நல்லா இல்லை" என்றால், "யாருக்கு, எந்த இடத்தில் சிக்கும்?" என்று மரியாதையாகக் கேளுங்கள், பதிலைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று வாரக் குறிப்பைச் சேர்த்துப் பார்த்தால் ஒரே தப்பைத்தான் திரும்பத் திரும்பச் செய்கிறீர்களா என்று தெரிந்துவிடும். டிசைனை விட்டுவிட்டு உங்களைப் பேசினார் என்றால் அது வேறு விஷயம், எச்ஆரிடம் போங்கள், அதையும் தேதி போட்டு எழுதிக்கொண்டு போங்கள்.

பயனர் பேசுவதை என் போனில் ரெக்கார்ட் செய்து டீம் வாட்ஸ்ஆப் குரூப்பில் போடலாமா? (டர்பன்)

ரெக்கார்ட் செய்யலாம், முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் வாங்கினால். வாட்ஸ்ஆப்பில் போடவே கூடாது. போப்பியா என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலையிலிருந்து முழுசாக அமலில் இருக்கிறது, அபராதம் ஒரு கோடி ராண்ட் வரை போகலாம். 18-க்குக் கீழ் என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். உங்கள் சொந்தப் போனில் எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று கம்பெனி கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்?

ஏஐ வந்துவிட்டது. இனி இன்டர்ன் எதற்கு? (பெயர், ஊர் இல்லை)

ஸ்கிரீன் வரைய மட்டும் தெரிந்த இன்டர்ன் எதற்கு என்று கேட்டால் ஒத்துக்கொள்கிறேன். ஆயா பக்கத்தில் போய் நிற்க அதற்குக் கால் இல்லை. அடுத்த முறை ஊராவது போடுங்கள்.

இன்டர்ன்ஷிப் இன்னும் ஆறு வாரத்தில் முடிகிறது. நிரந்தரமாக எடுத்துக்கொள்ள வைப்பது எப்படி? (மியர்பேங்க், வேறொருவர்)

மேனேஜரிடம் இந்த வாரமே வாய்விட்டுச் சொல்லுங்கள். கடைசி வாரம் கேக் வெட்டும்போது சொன்னால் பட்ஜெட் ஏற்கெனவே போயிருக்கும். ஆள் எடுக்க வழியில்லை என்று அவர் சொன்னாலும் கெட்டுப்போகவில்லை, உங்களைப் பற்றி வெளியே சொல்லக்கூடிய இரண்டு பேரைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அதில் ஒருவர் டெவலப்பராக இருக்கட்டும். டிசைனர் டிசைனரைப் புகழ்வது பெரிய விஷயமில்லை, உங்கள் ஃபைலைத் திறந்து வேலை செய்தவர் "சந்தேகமே வரவில்லை" என்று சொன்னால் அதற்கு எடை உண்டு.

அப்புறம் ஒப்படைப்புக் குறிப்பு. எந்த ஸ்கிரீன், ஏன் இப்படி, எதை முயன்று கைவிட்டோம், எந்த எரர் நிலை (தப்பு நடந்தால் காட்டும் ஸ்கிரீன்) இன்னும் வரையவில்லை, எல்லாம் ஒரே ஃபைலில். வாராவாரம் தேதி போட்டு எழுதியவர்களுக்கு இது ஒரு மதிய வேலை, எழுதாதவர்கள் பழைய சாட் மெசேஜையெல்லாம் தோண்ட வேண்டியதுதான். போர்ட்ஃபோலியோவில் எதைக் காட்டலாம் என்பதற்கும் மெயிலில் அனுமதி வாங்குங்கள், வாடிக்கையாளர் பெயரும் எண்ணும் தெரிகிற ஸ்கிரீன்ஷாட்டை எடுத்து வைத்திருந்தால் இன்றே அழியுங்கள். இதையெல்லாம் லேப்டாப்பைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் செய்யுங்கள், கொடுத்த அன்றே மெயில் கணக்கையும் மூடிவிடுவார்கள்.