“யாரைக் கேட்டு எடுக்கறீங்க?”

கேள்வி: நான் வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறேன். வயது 54. பிள்ளைகள் வெளியூர் போய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் நானும் கணவரும் காரை எடுத்துக்கொண்டு கணியம்பாடி, ஒடுகத்தூர், பொன்னை என்று ஏதாவது ஒரு பக்கம் சும்மா போய் வருவோம். வழியில் வேலி, கிணறு, மாட்டுக் கொட்டாய், கழனி என்று கண்ணில் பட்டதைப் போனில் படம் எடுப்பேன். எனக்கு இரண்டு சங்கடம். நேரில் என்னை நிற்க வைத்த காட்சி, வீட்டுக்கு வந்து பார்த்தால் வெறும் புதராகத் தெரிகிறது. இன்னொன்று, போன மாதம் அணைக்கட்டுப் பக்கம் ஒரு பெரியவர், “யாரைக் கேட்டு எடுக்கறீங்க?” என்று சத்தம் போட்டு, எடுத்ததை அழிக்கச் சொன்னார். அழித்துவிட்டேன். “இனிமேல் இந்த வேலை வேண்டாம்” என்கிறார் கணவர். நான் செய்தது தப்பா? இதை விட்டுவிட வேண்டுமா?
ஒரு வாசகி, வேலூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

விட வேண்டாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரியவர் சொன்னதும் அழித்துவிட்டு வந்தீர்களே, அது சரி. அவர் கேட்டதும் சரிதான்.

அவர் பக்கம் நின்று பாருங்கள். விடியற்காலை. ஊருக்குத் தெரியாத கார் ஒன்று கழனி ஓரம் நிற்கிறது. ஒருவர் இறங்கி வேலியையும், அதன் கல் கம்பமான கல்காலையும், கிணற்றையும் மாற்றி மாற்றிப் படம் எடுக்கிறார். நம் பக்கத்தில் அப்படி வந்து நிற்பவர்கள் யார் யார்? பிளாட்டு போட இடம் தேடும் புரோக்கர். வரப்புத் தகராறில் பங்காளி அனுப்பிய ஆள். சாலைக்கு நிலம் அளக்க வருகிறவர்கள். சென்னை–பெங்களூரு விரைவுச்சாலை பக்கத்து ராணிப்பேட்டை மாவட்டத்து நிலங்களின் வழியாகத்தான் போகிறது. வெள்ளை பெயின்ட் அடித்த பிளாட்டுக் கல் ஒரு வருடத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொல்லையை எப்படி விழுங்கும் என்று அவர் கண்ணெதிரே பார்த்திருப்பார். பத்திரத்தில் நாலு எல்லை எழுதியிருக்கும் அல்லவா, அதை அவர் தரையில் எழுதி வைத்திருப்பது வேலியில்தான். அதை யாரோ வந்து படம் பிடித்தால் வயிறு கலங்காதா?

பொதுச் சாலையில் நின்று ஒரு மரத்தையோ மலையையோ எடுப்பதை நான் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒருவருடைய வேலிக்கு நேராகப் போய் நிற்கும்போது, போனைப் பையில் போட்டுக்கொண்டு இறங்குங்கள். அவர் கேட்பதற்கு முன்னால் நீங்களே சொல்லுங்கள்: “ஐயா, நாங்க சத்துவாச்சாரிங்க. சும்மா இந்தப் பக்கம் வந்தோம். இந்த வேலி ரொம்ப நல்லா இருக்கு, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுங்களா?” கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். காருக்குள்ளேயே ஒருவர் உட்கார்ந்திருந்தால் அதுவே சந்தேகம். அப்புறம், எடுத்ததை அங்கேயே திருப்பிக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். ஏன் என்று கேட்க வேண்டாம்.

கேட்டால் எல்லாரும் சரி என்று சொல்லிவிடுவார்களா? மாட்டார்கள். ஆனால் கேட்டால் வேறு ஒன்று நடக்கும். ஒடுகத்தூர் தாண்டி ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஒரு மல்லாட்டைக் கொல்லை. காட்டுப்பன்றிக்குப் பயந்து சுற்றிலும் பழைய சேலைகளைக் கட்டி வைத்திருந்தார்கள். சேலை வேலியை நீங்களும் பார்த்திருப்பீர்கள், வெயிலில் வெளுத்த சிவப்பும் பச்சையும் மஞ்சளும் காற்றில் ஆடிக்கொண்டிருக்கும். நானும் பல வருடமாக வண்டியை நிறுத்தி நிறுத்தி எடுத்திருக்கிறேன். எல்லாம் கலர் கலராக இருக்கும், ஒன்றுகூட மனசில் நிற்காது. அன்றைக்கு அங்கே களை எடுத்துக்கொண்டிருந்த ஆயாவிடம் பேச்சுக் கொடுத்தேன். அவர் எழுந்து வந்து வேலியோரமாக நடந்துகொண்டே ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொன்னார். “இது மருமவளுது. இது பொங்கலுக்கு ரேஷன்ல குடுத்தது. இது என் தங்கச்சி வூட்டு விசேஷத்துக்கு வெச்சது.” ஒரு ஊதாச் சேலையிடம் வந்ததும் நின்றுவிட்டார். “இது எங்க வூட்டுக்காரரு ஆரணிக்குப் போயி எடுத்துக்கினு வந்தது.” சேலை முழுக்கச் சாம்பல் நிறத்துக்கு வெளுத்துப் போயிருந்தது. கம்பில் முடிச்சுப் போட்ட இடத்தில் மட்டும், வெயில் படாத மடிப்புக்குள், ஊதா அப்படியே புதுசாக இருந்தது. அதில் இரண்டு இழை ஜரிகையும் மினுங்கியது. கேட்டுவிட்டு அந்த முடிச்சை எடுத்தேன். ஓரத்தில் அவர் விரலும் வந்தது. அத்தனை வருடத்தில் எடுத்த சேலை வேலிப் படங்களில் நான் சட்டம் போட்டு மாட்டியது அது ஒன்றுதான்.

உங்கள் படம் புதராகத் தெரிகிற சங்கதிக்கும் இதிலேயே பாதி பதில் இருக்கிறது. கண் ஒன்றைப் பார்க்கும்போது மற்றதைத் தள்ளிவிடும். போனுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. முள், மின்கம்பம், வானம், குப்பை எல்லாவற்றையும் சமமாக எடுத்து வைத்துவிடும். அதனால் காரை நிறுத்தியதும், ‘எதைப் பார்த்து நிறுத்தச் சொன்னேன்?’ என்று உங்களையே கேளுங்கள். பதில் ‘வேலி’ என்று வந்தால் போதாது. வேலியில் எது? முள்ளில் மாட்டிக்கொண்ட ஆட்டு மயிரா? வழியை அடைக்கும் படலைக் கட்டியிருக்கும் பழைய சைக்கிள் டியூபா? அது தெரிந்த பிறகு போனை எடுங்கள்.

இதற்கு வேலியைக் கொஞ்சம் படிக்கத் தெரிய வேண்டும். கிளுவை வேலியை எடுத்துக்கொள்ளுங்கள். கிளையைப் போத்தாக வெட்டி நட்டால் அதுவே வேர் பிடித்து மரமாகிவிடும் உயிர்வேலி. மாசி, பங்குனியில் இலை உதிர்ந்து, பச்சை பூத்த பட்டையும் முள்ளுமாக எலும்பு போல நிற்கும். மழை விழுந்ததும் சின்னச் சின்ன இலை விட்டுத் திரை போட்டுவிடும். ஒரே வேலியை இரண்டு பருவத்திலும் ஒரே இடத்தில் நின்று எடுத்துப் பாருங்கள். வேலியில் ஏறும் கொடிகளும் அப்படித்தான். கோவை, பிரண்டை, முடக்கத்தான், பேரிலேயே வேலியை வைத்திருக்கும் வேலிப்பருத்தி. ஐப்பசி, கார்த்திகையில் முள்ளுக்கு நடுவே செங்காந்தள் பூத்திருக்கும். கார்த்திகைப்பூ என்று சும்மாவா பேர் வைத்தார்கள்? சீமைக்கருவேலத்தை நம் ஆட்கள் வேலிக்காத்தான் என்கிறார்கள். 1870களில் வெளிநாட்டிலிருந்து விதை கொண்டுவந்து பரப்பிய மரம் அது. கழனியைக் காக்கும் என்று பேர் வாங்கியது, இன்றைக்கு ஏரிக்குள்ளும் பாலாற்று மணலிலும் மண்டிக் கிடக்கிறது. அதை எடுக்கும்போது அந்த வருத்தமும் படத்தில் வரட்டும்.

எனக்கு இந்தப் பக்கத்து வேலிகளில் உயிர், கல்கால்தான். பாறை மலையாகச் சூழ்ந்த ஊர் நம்முடையது. மரக்கம்பத்துக்குப் பதில் கருங்கல்லைப் பிளந்து நட்டுக் கம்பி கட்டிவிடுகிறோம். கல்லைப் பிளக்க வரிசையாகக் குழி போட்டு ஆப்பு அடிப்பார்கள். பிளந்த பிறகு ஒவ்வொரு குழியும் பாதிப் பாதியாக இரண்டு கல்லிலும் தங்கிவிடும். கல்காலின் விளிம்பைப் பாருங்கள், விரல் அகலத்துக்கு அரைக்குழிகள் பல்வரிசை மாதிரி மேலிருந்து கீழாக இறங்கும். நேர் வெயிலில் அது கண்ணுக்கே தெரியாது. காலையில் சூரியன் பக்கவாட்டில் இருக்கும்போது ஒவ்வொரு குழிக்குள்ளும் ஒரு சொட்டு நிழல் விழும். அந்தக் கல்லைப் பிளந்தவர் கை அப்போதுதான் தெரியும்.

ஆகவே நேரம்தான் முக்கியம். தை மாதத்தில் இங்கே சூரியன் வர ஆறரை தாண்டிவிடும், வைகாசியில் ஆறுக்கு முன்னாலேயே வந்துவிடும். மலை மறைக்கிற இடத்தில் இன்னும் கொஞ்சம் தாமதம். சூரியன் எழுந்து முக்கால் மணி, ஒரு மணி நேரம்தான் நமக்கு. மார்கழியில் ஏரிக்கரையோரம் பனி இறங்கியிருந்தால் இன்னும் கொஞ்சம் கிடைக்கும். சூரியனை உங்கள் முதுகுக்கு வைக்காதீர்கள். பக்கத்தில் வையுங்கள், அல்லது வேலிக்குப் பின்னால். பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தில் ஒவ்வொரு முள்ளுக்கும், சிலந்தி வலையில் தங்கிய பனிக்கும் ஒரு வெள்ளிக்கோடு கிடைக்கும். அப்போது திரையில் வேண்டிய இடத்தில் விரலை அழுத்திப் பிடியுங்கள், வெளிச்சம் பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுத்து இருட்டாக்குங்கள். வானம் வெளுத்துப் போகாது.

மற்றதெல்லாம் சின்ன விஷயம். லென்ஸைத் துடையுங்கள், பையிலிருந்து எடுத்த போனில் எப்போதும் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். இரண்டு விரலை விரித்துப் பெரிசாக்காமல், பக்கத்தில் போங்கள். வேலி உயரத்துக்குக் குனியுங்கள், முடிந்தால் உட்காருங்கள். பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் வசதியை வேலிக்குப் போடாதீர்கள், கம்பியின் விளிம்பையெல்லாம் கடித்துத் துப்பிவிடும். கம்பிக்கு அப்பால் இருக்கும் மாட்டை எடுக்க வேண்டுமானால், லென்ஸைக் கம்பிகளுக்கு இடையில் கொண்டுபோய்க் கம்பியில் படாமல் பிடியுங்கள்.

படாமல் என்று சொன்னதைக் கவனியுங்கள். பன்றிக்காகச் சிலர் திருட்டுத்தனமாக லைனிலிருந்து நேராகவே கம்பிக்குக் கரன்டு கொடுத்து வைக்கிறார்கள், அதில் மனிதர்களே இறந்திருக்கிறார்கள். சோலார் வேலி விட்டுவிட்டு அடிக்கும். இந்தத் திருட்டுக் கரன்டு நின்று கொல்லும். எது எது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. எந்தக் கம்பியையும் தொட வேண்டாம். வரப்போரம் உருண்டையாக ஏதாவது கிடந்தால் அதையும் எடுக்காதீர்கள், பன்றிக்கு வைத்த வெடியாக இருக்கலாம். காப்புக்காடு என்று பலகை இருந்தால் அனுமதி இல்லாமல் அதற்கு மேல் போகக் கூடாது. பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் காட்டோரக் கழனிகளுக்கு ஆந்திர எல்லைக் காட்டிலிருந்து யானை வரும். அங்கே நன்றாக விடிந்த பிறகே போங்கள்.

எனக்கு இதையெல்லாம் விட பயம் கிணறுதான். இந்தப் பக்கத்துக் கிணறுகள் பெரிசு பெரிசாகச் சதுரமாக வெட்டியவை. பலவற்றுக்குக் கைப்பிடிச் சுவரே கிடையாது, ஓரத்தில் புல் மண்டி, தரையோடு தரையாக இருக்கும். பொன்னைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில், காட்சி முழுசாக வரவேண்டும் என்று பின்னால் நகர்ந்துகொண்டே போனேன். “அண்ணா, கெணறு!” என்று ஒரு பையன் கத்தினான். திரும்பிப் பார்த்தால் நாலு அடி. கீழே தண்ணீர்கூட இல்லை, பாறை. அன்றிலிருந்து பின்னால் நகர வேண்டுமானால் போனை இறக்கி, திரும்பி, பார்த்து நடந்து போய்த்தான் மறுபடி தூக்குகிறேன். நீங்களும் தயவுசெய்து அப்படியே செய்யுங்கள். கணவர் கூட வருவது இதற்கும் நல்லது.

காரைக் கரும்பு லாரி திரும்பும் இடத்திலும் வண்டிப்பாதையின் வாயிலும் நிறுத்த வேண்டாம். அறுப்புக் காலத்தில் சாலையில் கேழ்வரகும் கொள்ளும் காயப் போட்டிருப்பார்கள், சக்கரம் ஏறாமல் ஓட்டச் சொல்லுங்கள். படல் மூடியிருந்தால் மூடியபடி, திறந்திருந்தால் திறந்தபடி விட்டுவிட்டு வாருங்கள். போன் கேமராவில் இடத்தைக் குறித்து வைக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். படத்தை நாலு பேருக்கு அனுப்பும்போது அவர் நிலம் எங்கே என்கிற விவரமும் கூடவே போக வேண்டியதில்லை.

இனி அந்தப் பெரியவர். அடுத்த ஞாயிறு அதே சாலைக்குப் போங்கள். அணைக்கட்டுப் பக்கம் என்கிறீர்கள், அங்கேதான் இலவம்பாடி முள்ளுக்கத்தரி விளைகிறது, புவிசார் குறியீடு வாங்கிய காய். அவரிடம் கத்தரி இருந்தால் ஒரு கிலோ கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள். “போன மாசம் கேக்காம எடுத்துட்டேன் ஐயா, மன்னிச்சுக்கங்க” என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். வேலி யார் கட்டியது, எத்தனை வருடமாச்சு என்று விசாரியுங்கள். அன்றைக்குப் போன் வெளியே வர வேண்டாம். அவராகவே “எடுத்துக்கம்மா” என்று சொல்கிற நாள் வந்தால், எடுத்து, ஒரு காப்பி பிரின்ட் போட்டு, அடுத்த முறை போகும்போது அவர் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள். எனக்கும் ஒன்று அனுப்புங்கள். முள்ளோ முடிச்சோ எதுவானாலும் சரி. அவர் பெயரும் ஊரும் அதில் இல்லாமல்.