போர்க்களத்தில் அடிபட்ட வீரருக்கு முதலுதவி: முதலில் மூச்சா, ரத்தமா?

கேள்வி இதுதான்: "என்.சி.சி.யில் முதலில் மூச்சைப் பார்க்கச் சொன்னார்கள். சண்டையில் அடிபட்ட வீரனுக்கு ரத்தத்தைத்தான் முதலில் நிறுத்துவார்களாமே, எது சரி?"

இரண்டும் சரி. ஆள் எதனால் விழுந்தான் என்பதைப் பொறுத்தது. நான் ராணுவ மருத்துவப் பிரிவில் நர்சிங் அசிஸ்டென்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவன், இப்போது காசிமேட்டுவாசி. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

ரோட்டில் ஒருவர் மயங்கி விழுந்தால் மாரடைப்பாக இருக்கலாம், தொண்டையில் ஏதாவது அடைத்திருக்கலாம். அங்கே மூச்சுதான் முதல். குண்டடி பட்டவன் அப்படியில்லை. நன்றாக மூச்சு விடுவான், கத்தவும் செய்வான். ஆனால் தொடைத் தமனி அறுந்திருந்தால் சில நிமிஷத்தில் கதை முடிந்துவிடும். உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே சுமார் 5 லிட்டர்தானே. 2001 முதல் 2011 வரை களத்தில் அடிபட்டு இறந்த 4,596 அமெரிக்க வீரர்களை ஆராய்ந்து பார்த்தார்கள். 87 சதவீதம் பேர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்பே இறந்திருந்தார்கள். அவர்களில் காப்பாற்றியிருக்கலாம் என்று கருதப்பட்டவர்கள் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. அந்த நாலில் ஒரு பங்கில் பத்துக்கு ஒன்பது பேரைக் கொன்றது ரத்தப்போக்கு.

ரத்தத்துக்கும் முந்தின வேலை ஒன்று உண்டு: எதிரியின் சூட்டை அடக்குவது. அடிபட்டவனைப் பார்த்ததும் ஓடிப்போய் நீங்களும் விழுந்தால், தூக்க இரண்டு ஸ்ட்ரெச்சர் வேண்டும். அதனால் குண்டு பறக்கும்போது செய்யும் வைத்தியம் ஒன்றே ஒன்று, டூர்னிகே. கை காலைச் சுற்றிக் கட்டி, குச்சியால் முறுக்கி ரத்த ஓட்டத்தை அடைக்கும் பட்டைதான் அது. காயம் எங்கே என்று தேடாமல், யூனிஃபார்மின் மேலேயே, அடிபட்ட கையிலோ காலிலோ எவ்வளவு மேலே போட முடியுமோ அங்கே மாட்டி முறுக்க வேண்டும். முடிந்தால் அடிபட்டவனே மாட்டிக்கொள்வான். மறைவிடத்துக்கு வந்த பிறகு துணியை வெட்டிக் காயத்தைப் பார்த்து, அதற்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே, மூட்டில் படாமல் சரியாகப் போடலாம்.

இதில் எல்லாரும் தப்பு பண்ணும் இடம் முறுக்குவதுதான். டூர்னிகே வலிக்கும், பயங்கரமாக வலிக்கும். வலிக்கவில்லை என்றால் நீங்கள் சரியாகப் போடவில்லை. அரைகுறையாக இறுக்கினால் ரத்தம் திரும்பி வரும் குழாய் மட்டும் அடைபடும், உள்ளே போகும் தமனி அடைபடாது, ஒழுக்கு அதிகமாகும்.

சில வருஷம் முன்பு இங்கே மீன்பிடித் துறைமுகத்தில், வின்ச்சில் சுற்றின ரோப் ஒரு பையனின் காலை முழங்காலுக்குக் கீழே கிழித்துவிட்டது. யாரோ மெல்லிய நைலான் கயிற்றால் கட்டியிருந்தார்கள். கயிறு சதையை அறுக்கும், தமனியை அடைக்காது. நான் லுங்கியை இரண்டு அங்குல அகலத்துக்கு மடித்து, அந்தக் கயிற்றுக்கு மேலே கட்டி, முடிச்சில் ஒரு ஸ்பானரைச் செருகி, ஒழுக்கு நிற்கும் வரை முறுக்கினேன். பிறகுதான் கயிற்றை வெட்டினேன். பையன் போட்ட கூச்சலில் அவன் மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். "உசுரு போவுதுன்றான்பா, கொஞ்சம் லூஸ் பண்ணேன்!" அவரைக் குறை சொல்ல மாட்டேன், கேட்கச் சகிக்கவில்லைதான். ஆனால் இரக்கப்பட்டு அவிழ்த்தால் அதுவரை உறையத் தொடங்கிய ரத்தம் மறுபடி பிய்த்துக்கொள்ளும். மீன் பெட்டியில் எழுதும் மார்க்கரை வாங்கி அவன் நெற்றியில் நேரத்தை எழுதினேன், 9.40. ஆஸ்பத்திரியில் அவிழ்ப்பவருக்கு அந்த நேரம்தான் தேவை.

"கட்டினால் கால் போயிடும்" என்பது பழைய காலப் பயம். இரண்டு மணி நேரத்துக்குள் டாக்டரிடம் சேர்த்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. 2006-ல் பாக்தாத் ராணுவ மருத்துவமனையில் டூர்னிகே போட்ட 232 பேரைப் பார்த்ததில், அதனால் கால் கை இழந்தவர் ஒருவரும் இல்லை. அதிர்ச்சி நிலைக்கு, அதாவது ரத்தம் குறைந்து உடம்பு செயலிழக்கும் 'ஷாக்'குக்குப் போகும் முன்பே கட்டியவர்களில் 90 சதவீதம் பேர் பிழைத்தார்கள். போன பிறகு கட்டியவர்களில் 10 சதவீதம்தான்.

இடுப்பு மடிப்பு, அக்குள், கழுத்து, இங்கெல்லாம் டூர்னிகே போட முடியாது. துணியைக் காயத்துக்குள் விரலால் திணித்து, உடம்பு பாரத்தைப் போட்டு அழுத்த வேண்டும். எட்டிப் பார்க்க நடுவில் கையை எடுக்கக் கூடாது.

மீதியைச் சுருக்கிச் சொல்கிறேன். முகத்தில் அடிபட்டவன் முன்னால் குனிந்து உட்கார்ந்தால் அப்படியே விடுங்கள். மல்லாக்கப் படுக்க வைத்தால் ரத்தம் தொண்டைக்குள் போகும். மயங்கியிருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மார்பில் ஓட்டை விழுந்து காற்றை இழுத்தால் பிளாஸ்டிக் வைத்து ஒட்டுவார்கள். ஒட்டிய பிறகு மூச்சுத் திணறல் கூடினால் ஓரத்தைத் தூக்கிவிட வேண்டும்.

கடைசி வேலை, உடம்பைச் சூடாக வைப்பது. இது பனிமலைக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். ரத்தம் போனவனுக்கு நம்ம ஊர் மே மாத வெயிலிலும் உடம்பு குளிரும், குளிர்ந்தால் ரத்தம் சரியாக உறையாது. அன்றைக்கும் ஒருவர் சோடாவைத் திறந்து பையன் முகத்தில் அடிக்க வந்தார். அதைப் பிடுங்கி வைத்துவிட்டு, அவர் தோளில் கிடந்த துண்டை வாங்கிப் போர்த்தினேன்.

இன்னொன்று: இதைப் படித்துவிட்டு பாம்புக்கடிக்கு டூர்னிகே போடாதீர்கள். அங்கே கட்டுவது கெடுதல். கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து நேரே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்.